இடது கையால் கிண்ணம் நீட்டும் பெண்

சந்திரம்மாள் வீட்டுக் கூடத்தில் சாமி படம் மூன்று, காலண்டர் ஒன்று, அதற்கு அடுத்து ஒரு மாட்டுப் படம். புதிதாக வருகிறவர்கள் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பிறகு மாட்டைப் பார்த்து முழிப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அகலம் ஒரு முழம் கூட வராது. போட்டோ இல்லை, வரைந்ததும் இல்லை. செம்புத் தகட்டில் ஊசி மாதிரி ஒன்றால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படம்.

"இன்னாக்கா இது, ஒரு கலர் கூட இல்ல" என்று யாராவது கேட்டால் சந்திரம்மாளுக்குக் கோபம் வரும்.

"தூர நின்னா அப்படித்தான் இருக்கும். கிட்டப் போயி பாரு. கண்ணு இருந்தா தெரியும்."

கிட்டப் போய்ப் பார்ப்பதை அவளும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு எழுபத்து மூணாம் வருஷத்து ஆடி மாதத்துக்குப் போக வேண்டும்.

அப்போது செங்கம் ரோட்டில் ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும்வரைக்கும் ரோடு மாடுகளுக்குத்தான் சொந்தம். இரண்டு பக்கமும் புளியமரம் கவிந்து நிற்கும். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஜட்கா வண்டியில் பெட்டியை வைத்துவிட்டு அதன் பின்னால் நடந்து வருவார்கள். இன்றைக்கு இருக்கிற மாதிரி வாசலுக்கு வாசல் ரூம் வாடகைக்கு என்று போர்டு கிடையாது. சந்திரம்மாளின் புருஷன் அருணகிரி மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிற வேலையில் இருந்தான். மூட்டை அடுக்கக் கட்டிய பின்கட்டு ரூம் சும்மா கிடந்தது. அதில் குடிவந்தவள்தான் எல்சா.

எல்சாவுக்கு அப்போதே வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஹாலந்துக்காரி. பனைமரம் மாதிரி உயரம். அந்த உயரத்துக்கு இங்கே விற்கிற புடவை எட்டாது, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். தமிழ் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தாள். மரியாதை இல்லாமல் பேசுவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. தெருநாயைக் கூட "தள்ளிப் போங்க" என்பாள். நாய் போகாது. அவள் சுற்றிக்கொண்டு போவாள்.

வந்த அன்றைக்கு அவளிடம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, கம்பளிச் சால்வையில் சுற்றின பலகை மாதிரி ஏதோ ஒன்று. கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் டொக்கு டொக்கென்று சத்தம். சந்திரம்மாள் ஓடிப் போய்ப் பார்த்தால் போன மாதம் பூசின சுவரில் ஆணி இறங்கியிருக்கிறது. கீழே ஒரு கை சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கிறது.

"ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கறதில்லயா?"

எல்சா சுத்தியலைக் கீழே வைத்தாள். "மன்னிச்சிடுங்க. இப்ப கேக்கறேன். ஆணி அடிக்கலாங்களா?"

அடித்த ஆணிக்கு என்ன பதில் சொல்வது? சந்திரம்மாள் விளக்குமாற்றை எடுத்துச் சுண்ணாம்பைக் கூட்டினாள். அந்த ஆணியில் மாட்டுப் படம் ஏறியது.

பின்கட்டு ரூமைத் தினம் பெருக்குவதும் சந்திரம்மாளின் வேலைதான். காலையில் எல்சா ஆசிரமத்துக்குப் போயிருப்பாள். கிழக்கு ஜன்னல் வழியாக வெளிச்சம் நேரே படத்தின்மேல் விழும். முதல் வாரம் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று மாடு, ஒரு மரம், ஒரு ஓடை. இரண்டாவது வாரம் மாட்டைச் சரியாகப் பார்த்தாள். அவள் பிறந்த வீடு கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். மாட்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றுக்கும் திமில் இல்லை. மூக்கணாங்கயிறு இல்லை. கழுத்தில் மணி இல்லை.

"கயிறு இல்லாம எதைப் புடிச்சு இழுப்பாங்களாம்" என்று படத்தைப் பார்த்தே கேட்டாள். மரத்தடியில் ஒருத்தன் கோலை ஊன்றி, தொப்பி கண்ணை மறைக்க, நின்றுகொண்டே தூங்கினான். "இவன் ஒருத்தன். மாடு அடுத்தவன் கொல்லையில பூந்தா யாரு பதில் சொல்றது?"

படம் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. ஆனால் தினமும் ஒன்றைப் புதிதாகக் காட்டியது. படுத்திருக்கும் மாட்டுக்குப் பின்னால் ஒரு நாயின் காது. அடுத்த நாள் ஓடைக்கரைப் புல்லில் ஒரு வாத்து. இன்னொரு நாள் தூரத்துக் கூரையிலிருந்து புகை. அந்தப் புகை தலைமயிரைவிட மெலிசான நாலு கோடுதான். நாலு கோட்டில் ஒரு வீட்டில் உலை கொதிக்கிறது என்று தெரிந்தது. மாடு நிற்கிற நிழலைப் பார்த்தால் மணி என்ன என்று சொல்லிவிடலாம், அவ்வளவு சரியாக இருந்தது. பெருக்குகிற நேரம் நீண்டுகொண்டே போனது. "அந்த ரூமு என்ன அரமனையா, இவ்ளோ நேரம் பெருக்கற" என்று அருணகிரியே கேட்டுவிட்டான்.

மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பால் குடம். எதிரே மூன்று வயசுக் குழந்தை. அவள் கிண்ணத்தை நீட்டுகிறாள், குழந்தை இரண்டு கையையும் ஏந்துகிறது. அந்தப் பெண்ணின் முகம் சந்திரம்மாளுக்குப் பிடித்தது. அழகி ஒன்றும் இல்லை. வேலை செய்து அலுத்த முகம். ஆனால் சிடுசிடுப்பு இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு முகத்தில் எப்படி இருக்கும் என்று சந்திரம்மாள் யோசிப்பாள்.

சிடுசிடுப்புக்கு அவளுக்கு அந்த வருஷங்களில் காரணம் இருந்தது. மகள் வள்ளி. ஒரே பெண். எதை நீட்டினாலும் இடது கையால் வாங்கும், எதைக் கொடுத்தாலும் இடது கையால் கொடுக்கும். ஐந்து வயதுவரை விளையாட்டு என்று விட்டாள். ஸ்கூலில் சேர்த்ததும் சிலேட்டுப் பலகையிலும் அதே கை. அதுவும் மூணு, அஞ்சு எல்லாம் திருப்பித் திருப்பி எழுதியது. காசி வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னார்: "கைய மாத்துங்கம்மா. இல்லன்னா நான் மாத்த வேண்டியிருக்கும்."

அவர் ரூல்தடியால் மாற்றப் பார்த்தார். சந்திரம்மாள் வீட்டில் கரண்டிக் காம்பால் மாற்றப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

எழுபத்தைந்தில் பொங்கல் கழிந்து புருஷனின் அக்கா வெள்ளையம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். வெயிலில் நடந்து வந்தவளுக்கு வள்ளி ஓடிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. இடது கையால். வெள்ளையம்மாள் சொம்பை வாங்கினாள், குழந்தையின் எதிரேயே தண்ணீரை முற்றத்தில் ஊற்றினாள்.

"பொட்டப்புள்ளய இப்படியா வளத்து வெச்சிருக்க? நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போயி பீச்சாங்கையால சோறு போட்டா, அள்ளி இவ மூஞ்சியில போடுவாங்க. கைய இழுத்துக் கட்டு. நாலு மாசம் கட்டினா தன்னால மாறும்."

சந்திரம்மாளுக்கு அண்ணியின்மேல் வந்த கோபத்தைவிட மகளின்மேல் வந்த பயம் பெரிதாக இருந்தது. அண்ணி சொன்ன அந்த இன்னொரு வீடு எங்கேயோ நிஜமாகவே காத்திருந்தது. பழைய புடவைக் கரையைக் கிழித்து, வள்ளியின் இடது கையை முதுகுப் பக்கம் மடக்கிப் பாவாடை நாடாவோடு கட்டினாள். சாப்பிடும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் கட்டு. குழந்தை முதல் நாள் அழுதது. இரண்டாம் நாள் அழவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பேச்சையே குறைத்துக்கொண்டது. சந்திரம்மாள் அதைப் பார்க்காத மாதிரி பாத்திரம் தேய்த்தாள்.

கட்டு ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் பின்கட்டில் பெருக்கும்போது, வழக்கம்போல விளக்குமாறு நின்றது. இத்தனை நாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவள் அன்றைக்குக் கையைப் பார்த்தாள். கிண்ணம் எந்தக் கையில் இருக்கிறது?

படத்தைப் பார்த்து நின்று சொல்வது குழப்பமாக இருந்தது. சந்திரம்மாள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்த வாக்கிலேயே தரையில் குந்தினாள். கிண்ணத்துக்குப் பதிலாக விளக்குமாற்றை நீட்டிப் பார்த்தாள். சோத்தாங்கையில் நீட்டினால் ஓடை தப்பான பக்கம் வந்தது. பீச்சாங்கையில் நீட்டினால் சரியாக வந்தது. எழுந்து படத்தைப் பார்த்தாள், மறுபடி குந்தினாள். அப்போதுதான் எல்சா குடையை மறந்துவிட்டு எடுக்க வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து விளக்குமாற்றைக் காற்றில் நீட்டுகிற வீட்டுக்காரியைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"எல்சாம்மா, இந்தப் பொம்பள பீச்சாங்கையால இல்ல குடுக்கறா?"

எல்சா கிட்டே வந்து படத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். முற்றத்தில் வள்ளி, கை முதுகில் கட்டியிருக்க, வலது கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க. படத்துல அந்தக் கைதாங்க."

"அந்தத் தூங்குமூஞ்சியும் கோலை அந்தக் கையிலதான் புடிச்சிருக்கான். எல்லாருமா அப்படி?"

"அப்படித்தாங்க தெரியுது."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"இந்தப் படத்துல யாரும் ஒண்ணும் சொல்லலைங்க."

"அந்தக் கொழந்த வாங்கிக் குடிக்குதே."

"குடிக்குதுங்க" என்றாள் எல்சா.

சந்திரம்மாள் விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு முற்றத்துக்குப் போனாள். புடவைக் கரையை அவிழ்த்தாள். மணிக்கட்டில் சிவப்பாக வரி விழுந்திருந்தது. அதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுச் சொன்னாள்: "எழுதறது கிழுதறது எந்தக் கையில வேணும்னாலும் எழுதித் தொல. சோறு மட்டும் சோத்தாங்கையிலதான் சாப்பிடணும். அதுல பேச்சே கெடையாது."

வள்ளி அதற்குத் தலையாட்டியது. அந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை தாயை ஏமாற்றவில்லை.

அடுத்த நாள் சந்திரம்மாள் படத்தைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூலுக்கே போனாள். காசி வாத்தியார் மேஜைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள்.

"இன்னாம்மா இது?"

"மாடு. அத வுடுங்க. இந்தக் கையப் பாருங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரி, அதுக்கு?"

"ஒரு ஊரே இந்தக் கையாலதான் பொழைக்குது. மாடு பால் குடுக்கலயா? பயிரு வெளையலயா? எம்பொண்ணு கையில இனிமே ரூல்தடி பட்டா நான் தினம் இந்தப் படத்த எடுத்துகினு வந்து இங்கயே உக்காந்துக்குவேன்."

தினம் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. ரூல்தடி நின்றது.

வெள்ளையம்மாள் அடுத்த தடவை வந்தபோது அவளையும் பின்கட்டுக்கு இழுத்துப் போய்ப் படத்தின் எதிரே நிறுத்தினாள். "வெள்ளக்காரி ஆயிரம் செய்வா. காயிதத்தால தொடச்சிக்கறவங்கதான அவங்க. அவங்களுக்கு எந்தக் கையா இருந்தா இன்னா" என்று வெள்ளையம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். நல்ல காலம், அப்போது எல்சா ரூமில் இல்லை.

அதற்கப்புறம் நாலு வருஷம் வீடு நன்றாக இருந்தது. இப்போது நினைத்தால் சந்திரம்மாளுக்கு அந்த நாலு வருஷமும் ஒரே சாயங்காலம் மாதிரி தெரிகிறது. மலைமேல் வெயில் சிவப்பாக இறங்கும். எல்சா கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பாதிக்குப் பாதி தண்டையும் சேர்த்துப் போடுவாள். "எல்சாம்மா, கீரய ஆயறீங்களா, மாட்டுக்குப் போடறீங்களா" என்று சந்திரம்மாள் திட்டிக்கொண்டே மறுபடி ஆய்வாள். வள்ளி பின்கட்டுப் படியில் உட்கார்ந்து எழுதும். இருட்டினால் அரிக்கேன் விளக்கு, அப்புறம் கரண்ட் வந்ததும் ஒரு குண்டு பல்பு. தீபத்தன்று மூன்று பேரும் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்ப்பார்கள். எல்சா அழுவாள். "பக்தியா?" என்று கேட்டால், "புகைங்க" என்பாள். மலை உச்சிக்கும் இவர்கள் மாடிக்கும் நடுவே எவ்வளவு தூரம்.

எழுபத்து ஒன்பதில் எல்சாவுக்கு மூட்டுவலி ஜாஸ்தியாகிவிட்டது. தங்கை மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். போகிற அன்றைக்கு டிரங்குப் பெட்டி ஜட்காவில் ஏறியது. குடை ஏறியது. படம் ஆணியிலேயே இருந்தது.

"எல்சாம்மா, மாட்டை மறந்துட்டீங்க."

"மறக்கலைங்க. அது உங்க வீட்டுல வேலை செய்யுதுங்க. இருக்கட்டும்."

வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எண்பத்து மூன்றோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சந்திரம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. படத்தைப் பின்கட்டிலிருந்து எடுத்துக் கூடத்தில் சாமி பக்கத்தில் மாட்டினாள்.

எண்பத்தேழில் வள்ளிக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்தாள். போளூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் கரண்ட் ஆபீசில் வேலை. ஜாதகம் பொருந்தியது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கூடவே தரகர் மூலமாக ஒரு கேள்வியும் வந்தது, பெண்ணுக்கு நொட்டாங்கைப் பழக்கமாமே, நிஜமா என்று.

வெள்ளையம்மாள் திங்கட்கிழமையே வந்து இறங்கிவிட்டாள். "அன்னிக்கு ஒருநாள் மட்டும் எல்லாத்தயும் சோத்தாங்கையில செய்யச் சொல்லு. தாலி ஏறினப்புறம் எந்தக் கையில செஞ்சா யாரு கேக்கப் போறா?"

"பொய்யி சொல்லிக் கட்டிக் குடுக்கணுமா அண்ணி? கேட்டா படத்தக் காட்டறேன்."

"இன்னும் அந்த மாட்டயே புடிச்சிகினு தொங்கறியா நீ?"

வெள்ளை அடிக்க வந்த மண்ணாங்கட்டி என்கிறவன் புதன்கிழமை ஏணியைச் சாய்த்ததில் படத்தின்மேல் இடித்துக் கண்ணாடி விரிசல் விட்டது. அவனை ஒரு மூச்சு வைதுவிட்டு, சந்திரம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு தேரடித் தெருவில் முருகையன் கடைக்குப் போனாள். முருகையன் சாமி படத்துக்கு பிரேம் போடுகிறவர். அதற்கு முன்னால் வேலூரில் அச்சாபீசில் இருந்தவர். பின்னாணிகளைப் பிடுங்கிக் காகிதத்தை மெதுவாக வெளியே எடுத்தார். பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்.

"ஏது இது? நல்ல பழைய சரக்கு. தகட்டுல கீறி அடிச்சது. ஓரத்துல தகடு அழுந்தின பள்ளம் தெரியுது பாருங்க." கீழ் மூலையில் ஒரு கிறுக்கல் இருந்தது. சந்திரம்மாளும் அதைப் பார்த்திருக்கிறாள், புல் என்று நினைத்திருந்தாள். "இது கையெழுத்து. கீறினவன் நேராத்தான் எழுதியிருக்கான், அச்சுல திரும்பி விழுந்துருக்கு. படம் மொத்தமும் அப்படித்தாங்க. வலம் எடமாயிடும், எடம் வலமாயிடும்."

"அப்படின்னா?"

முருகையன் விற்பனைக்கு மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றின் எதிரே காகிதத்தைப் பிடித்தார். "இப்படித்தான் அவன் தகட்டுல கீறினது. பாத்துக்குங்க."

கண்ணாடிக்குள் ஓடை அந்தப் பக்கம் போய்விட்டது. தொப்பிக்காரன் கோலைச் சோத்தாங்கைக்கு மாற்றிக்கொண்டான். அந்தப் பெண் கிண்ணத்தைச் சோத்தாங்கையால், எந்த ஊர்ப் பெண்ணும் கொடுக்கிற மாதிரி, குழந்தைக்கு நீட்டினாள்.

புதுக் கண்ணாடி போட்டு வாங்கிக்கொண்டு சந்திரம்மாள் நடந்தே வந்தாள். பஸ் நின்றதைக் கூடக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் பக்கத்துச் சாட்சி என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதை நம்பித்தான் கட்டை அவிழ்த்தாள், வாத்தியாரை மிரட்டினாள், அண்ணியை எதிர்த்தாள். வயதில் வளைக்க வேண்டியதை வளைக்காமல் விட்டாயிற்று. நாளை மறுநாள் வருகிற வீடு அதற்காகவே எழுந்து போனால், அந்தக் குற்றம் யார் தலையில்?

வீட்டில் வள்ளி ஜாக்கெட்டுக்கு ஹூக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி இடது கையில். சந்திரம்மாள் படத்தை எதிரே வைத்தாள்.

"இந்தப் படம் திரும்பி இருக்குதாம்டி. அவ பீச்சாங்கையே இல்லியாம்."

வள்ளி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்மா."

"தெரியுமா? எப்பத்துலருந்து?"

"நாலாங்கிளாஸ்ல. அந்த மூலையில வருஷம் போட்டிருக்குது பாரு, அதுல மூணும் அஞ்சும் நான் எழுதற மாதிரியே திரும்பி இருந்துச்சு. எழுதினவரும் என்ன மாதிரின்னு எனக்கு ஒரே சந்தோஷம். எல்சாம்மா கிட்ட ஓடிப் போயி சொன்னேன். அவங்க முகம் பாக்கற கண்ணாடிய எடுத்துக் கையில குடுத்தாங்க."

"அவளுக்கும் தெரியுமா?"

"அவங்க படம்தானம்மா அது."

சந்திரம்மாள் உட்கார்ந்துவிட்டாள். 'படத்துல அந்தக் கைதாங்க.' 'அப்படித்தாங்க தெரியுது.' எல்சா அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டு வைத்தது இப்போதுதான் தெரிந்தது. ஒன்று கூடப் பொய் இல்லை.

"அவங்க ஊர்லயாவது பீச்சாங்கைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல?"

"இல்லம்மா. அங்கயும் சின்னப்போ அடிச்சுதான் மாத்துவாங்களாம். அவங்க தம்பியையே அடிச்சு அடிச்சு, அது பேச்சே திக்கிப்போச்சாம்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

வள்ளி ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள். "சொன்னா திரும்பக் கட்டுவியே."

சந்திரம்மாள் எழுந்து படத்தைப் பழைய ஆணியில் மாட்டினாள். பிறகு வள்ளிதான் கேட்டாள்: "வெள்ளிக்கெழம நான் இன்னா செய்யணும்? அத்த சொல்ற மாதிரி சோத்தாங்கையில குடுன்னா குடுக்கறேன். ஒருநாள்தான. நீ சொல்லு."

சந்திரம்மாள் அன்றைக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். வள்ளி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்தாள். இருபத்தொரு புள்ளி. இடது கை விரல்களிலிருந்து பொடி நூல் மாதிரி இறங்கியது. எங்கேயும் திக்கவில்லை, எங்கேயும் தடிக்கவில்லை. தலைமயிரைவிட மெலிசான கோடு. இதே மாதிரிக் கோட்டைத்தான் தினம் காலையில் விளக்குமாற்றோடு நின்று பார்த்தோம் என்று சந்திரம்மாளுக்குத் தோன்றியது. யாரோ எந்தக் காலத்திலோ செம்பில் கீறிய கோடு. அவன் எந்தக் கையால் கீறினான் என்று அவள் கேட்டாளா?

"வள்ளி."

"இன்னாம்மா?"

"உன் வழக்கம் எதுவோ அப்படியே இரு."

பதினோரு மணிக்கு வந்தார்கள். அருணகிரி வாசலுக்குப் போய் வரவேற்றான். பையன், அவன் அப்பா, அம்மா ராணியம்மாள், கூட இரண்டு பேர். ராணியம்மாள் வாசலிலேயே நின்று கோலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். வள்ளி காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டுக்கு இரண்டு கையும் வேண்டும், அதில் வம்பில்லை. டம்ளரை ஒவ்வொன்றாக எடுத்து இடது கையால் நீட்ட ஆரம்பித்ததும்தான் எல்லார் கண்ணும் அந்தக் கைக்குப் போனது.

ராணியம்மாள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கேள்விப்பட்டோம். பொண்ணு நொட்டாங்கைன்னாங்க."

"அது சின்னதுல. இப்ப மாறிப்போச்சு, ஏதோ பதட்டத்துல நீட்டிட்டா" என்று வெள்ளையம்மாள் முந்திக்கொண்டாள்.

"மாறல" என்றாள் சந்திரம்மாள். "எழுதறது, தைக்கறது, வாசல்ல பாத்தீங்களே அந்தக் கோலம், எல்லாம் அந்தக் கைதான். சாப்பிடறது மட்டும் சோத்தாங்கை."

பையனின் அப்பா சங்கடப்பட்டுச் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து கிட்டேயே போய்விட்டார். நல்ல மனுஷன். "அட, இந்தப் படத்துல இருக்கற அம்மாவும் நொட்டாங்கையாலதான் குடுக்கறாங்க. அப்ப இது எல்லா ஊர்லயும் இருக்கறதுதான் போல."

பன்னிரண்டு வருஷமாகச் சந்திரம்மாள் சொல்லிவந்த வார்த்தையை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டால் போதும். வெள்ளையம்மாள் கூட முதல் தடவையாக அந்த மாட்டை ஆசையோடு பார்த்தாள்.

"அது திரும்பி விழுந்த படங்க" என்றாள் சந்திரம்மாள். "நெசத்துல அவங்க எல்லாம் சோத்தாங்கைதான். எங்க வீட்டுல நொட்டாங்கை இவ ஒருத்திதான். அதுக்கு சாட்சி கீட்சி ஒண்ணும் கெடையாது. புடிச்சிருந்தா சொல்லுங்க, காப்பி ஆறுது குடிங்க."

காப்பியைக் குடித்தார்கள். கேசரியையும் சாப்பிட்டார்கள். போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. வெள்ளையம்மாள் ஆறு மாதம் பேசவில்லை. அந்த ஆறு மாதமும் வீடு அமைதியாக இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்றைக்கு அவர்கள் போனபிறகு வள்ளி டம்ளர்களைப் பொறுக்கினாள். ஒன்றில் காப்பி மிச்சம் இருந்தது, ராணியம்மாளுடையது.

"போச்சா?" என்றாள்.

"போனா போவுது. கழுவி வை."

வள்ளி சிரித்தாள். ஏழு வயதில் மணிக்கட்டில் எண்ணெய் தடவின அன்றைக்குச் சிரிக்காமல் பாக்கி வைத்திருந்த சிரிப்பு அதுதான் என்று சந்திரம்மாளுக்குப் பட்டது.

எண்பத்தொன்பதில் ஜில்லாவைப் பிரித்தபோது புது ஆபீசுகளுக்கு ஆள் எடுத்தார்கள். வள்ளி டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அங்கேயே கிளார்க்காக இருந்த ஆதிமூலம் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவன் தினமும் ரிஜிஸ்தரில் அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தவன். எந்தக் கை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, சந்திரம்மாள்தான் சொன்னாள்.

இப்போது பின்கட்டு ரூமில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரப் பையன் இருக்கிறான். கீரை ஆயத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான். செங்கம் ரோட்டுப் புளியமரங்களில் பாதி போய்விட்டன. ஜட்கா நின்ற இடத்தில் ஆட்டோ நிற்கிறது. சந்திரம்மாள் காலையில் கூடத்தைப் பெருக்கும்போது விளக்குமாறு பழைய ஞாபகத்தில் படத்தின் எதிரே தானாக நிற்கும். போன வாரம் ஓடைக்கரையில் இன்னொரு வாத்தைக் கண்டுபிடித்தாள். இத்தனை வருஷம் அது எங்கே ஒளிந்திருந்ததோ. சொல்லி மகிழ எல்சா இல்லை.

ஒருநாள் சும்மா இருக்காமல் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துவந்து படத்தின் எதிரே பிடித்துப் பார்த்தாள். சோத்தாங்கைக்காரி வந்து நின்றாள். அதே முகம், அதே கிண்ணம், அதே குழந்தை. ஆனால் யாரோ அசலூர்ப் பெண் மாதிரி இருந்தது. சந்திரம்மாள் கண்ணாடியைக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

"நீ திரும்பியே இரு" என்று சுவரில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள்.